சுங்கான் நெபுலா படம்: பின்னணியைச் சமப்படுத்தினால் நெபுலாவே காணாமல் போகிறது

பனங்கூடல், கொக்குவில்

எல்லாருக்கும் வணக்கம். வானப்படப் பைத்தியம் பிடித்து ஒரு வருடம்தான் ஆகிறது, அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் சிரித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

போன அமாவாசையை ஒட்டி இரண்டு இரவு பைப் நெபுலாவை எடுத்தேன். கேட்டைக்குக் கிழக்கே, மூலத்துக்கு வடக்கே, பால்வழியின் மேல் கறுப்பாகக் கிடக்கும் தூசு மேகம். பைப் என்றால் தண்ணீர்க் குழாய் இல்லை, சுங்கான். சுருட்டுக்குப் பேர்போன ஊர்க்காரன் கடைசியில் சுங்கானில் போய் விழுந்தான் என்று அப்பா பகிடி பண்ணுகிறார்.

முதல் இரவு வீட்டு மொட்டை மாடியில் 58 படம், அடுத்த இரவு மணல்காட்டில் 71 படம், எல்லாம் 90 செக்கன், ஐ.எஸ்.ஓ. 1600. கமரா பழைய கனோன் 700டி, உள்ளே ஒன்றும் கழற்றாதது. லென்ஸ் 135 மில்லிமீட்டர் சம்யாங், எஃப் 2.8இல் வைத்தேன். சுழல்வது ஸ்டார் அட்வென்ச்சரர், வானத்தோடு கமராவைத் திருப்புகிற தாங்கி, அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து ஒழுங்குபடுத்த வேண்டும். துருவ நட்சத்திரம் நமக்குப் 10 பாகை உயரம்கூட இல்லை, எங்கள் மாடியில் நின்று பார்த்தால் அது பக்கத்து வளவுப் பனை வட்டுக்குள் கிடக்கும், ஆகவே போன் திசைகாட்டியை நம்பி ஒரு குத்துமதிப்பில் வைத்தேன். மணல்காட்டில் கடல் புகாருக்குள் ஒருமாதிரித் தெரிந்தது.

சிரில் மென்பொருளில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஸ்டாக் பண்ணினால், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், படத்தில் பாதி வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கிறது. சரி என்று பின்னணிச் சாய்வை, அதாவது ஒரு பக்கம் கூடிக் கிடக்கிற வெளிச்சத்தை, எடுத்தேன். சாய்வு போய்விட்டது, ஆனால் நெபுலாவும் சேர்ந்து போய்விட்டது! சட்டையில் தேத்தண்ணி ஊற்றிக் கழுவிய கறை மாதிரி ஏதோ மிச்சம் இருக்கிறது. கறுப்பை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், அப்போது வானம் முழுக்கத் தார் பூசின மாதிரி ஆகிறது.

இன்னும் இரண்டு விஷயம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மழை சாய்வாகப் பெய்கிற மாதிரி மெல்லிய கோடுகள், படம் முழுக்க ஒரே திசையில். அப்புறம், பாம்பு நெபுலாவுக்கு, அதாவது பார்னார்ட் 72க்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு, புளியங்கொட்டை மாதிரி நீள்வட்டமாக. இருள் நெபுலாக்களின் பார்னார்ட் பட்டியலிலும் தேடினேன், லின்ட்ஸ் பட்டியலிலும் தேடினேன், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வீட்டில் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஸ்டாக் கோப்பையும், பின்னணியை அளக்கிற சாம்பிள் சதுரங்கள் வைத்த திரையின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

பனிக்காடு, டொரோண்டோ

முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு அந்த நெபுலா உச்சிக்கு வந்தாலே 20 பாகைதான், அதுவும் இந்த மாதங்களில் இருட்டுவதற்கே நடுச்சாமம் ஆகிவிடும். நீங்கள் 54 பாகை உயரத்தில் வைத்துக்கொண்டு முறைப்பாடு எழுதுகிறீர்கள்.

என்னைக் கேட்டால் வெளிச்சக் கேர்வை எஸ் மாதிரி வளைத்து கறுப்பை நல்ல கறுப்பாக்கிவிடுங்கள், இருள் நெபுலா கறுப்பாகத்தானே இருக்க வேண்டும். தெருவிளக்குக்கு ஒரு டூயல் நரோபேண்ட் பில்டர் வாங்குங்கள், இரண்டு குறுகிய நிறத்தை மட்டும் விடுகிறது அது. நகரத்துக்குள் நின்று ரொசெட் நெபுலா எடுக்க எனக்கு அது வடிவாக வேலை செய்தது.

மூலநட்சத்திரம்

பனிக்காடு அண்ணை, கோவிக்காதேங்கோ, இரண்டுமே இந்தப் படத்துக்குச் சரிவராது. ரொசெட் தானாக ஒளிர்கிற ஐதரசன், அதன் சிவப்பு ஒரு குறுகிய அலைநீளத்தில் வருகிறது, அதற்கு அந்தப் பில்டர் சரி. சுங்கானில் நாம் படம் பிடிப்பது பின்னால் இருக்கிற கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் வெளிச்சத்தை, அது எல்லா நிறத்திலும் வருகிறது. பில்டரைப் போட்டால் எடுக்க வந்ததையே மறைத்துவிட்டு நிற்போம். முந்தி மஞ்சள் சோடியம் விளக்கு இருந்த காலத்தில் அதை மட்டும் வெட்டுகிற பில்டர்கள் கொஞ்சம் உதவின, இப்போது வீதியெல்லாம் வெள்ளை எல்.ஈ.டி., அதுவும் எல்லா நிறத்திலும் கொட்டுகிறது.

இனி பனங்கூடலுக்கு. தம்பி, உங்கள் கோப்பைத் திறந்து பார்த்தேன். நெபுலா அழிந்ததற்குக் காரணம் அந்தத் திரைப் படத்திலேயே இருக்கிறது. கட்டம் கட்டமாகத் தானாகவே சாம்பிள் வைக்க விட்டிருக்கிறீர்கள், பல்லுறுப்புக்கோவை 4ஆம் படி. பார்னார்ட் 78இன் மேல், அதுதான் சுங்கானின் கிண்ணம், அதன் நட்ட நடுவில் ஆறு சதுரம் குந்திக்கொண்டிருக்கிறது, தண்டின் மேல் இன்னும் நாலு. ஒரு சதுரம் வைத்தால் "இந்த இடம் வெறும் வானம், இதன் வெளிச்சம்தான் அடிமட்டம்" என்று மென்பொருளுக்குச் சொல்கிறீர்கள். அதுவும் 4ஆம் படி வளைவு நெளிந்து நெளிந்து போகக்கூடியது, நெபுலாவின் வடிவத்துக்கே நெளிந்து அதைப் பள்ளம் என்று நினைத்து நிரப்பிவிட்டது. மென்பொருளில் பிழை இல்லை, சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

வேறுவிதமாகச் செய்து பாருங்கள். ஸ்டாக் பண்ணிய பிறகு சாய்வை எடுக்காமல், ஸ்டாக் பண்ண முதலே ஒவ்வொரு படத்திலும் 1ஆம் படியில் எடுங்கள், சிரிலில் முழுத் தொடருக்கும் ஒரே தடவையில் கொடுக்கலாம். 1ஆம் படி என்றால் ஒரு தட்டையான பலகையைச் சாய்த்துக் கழிப்பது மாதிரி, அதால் சுங்கான் வடிவத்துக்கு வளையவே முடியாது. தெருவிளக்கின் சாய்வு இரவு போகப் போகத் திரும்பிக்கொண்டே இருக்கும், தனிப் படத்தில் அது ஏறத்தாழ நேர்கோடுதான், 129 படத்தையும் கூட்டிய பிறகு பார்த்தால்தான் சிக்கலான வளைவாகிறது. பிறகும் ஏதாவது மிச்சம் இருந்தால் கையால் ஏழெட்டு சாம்பிள் வையுங்கள், தூசு இல்லாத இடமாகப் பார்த்து. உங்கள் படச் சட்டம் ஏறத்தாழ 9 பாகைக்கு 6 பாகை, அதில் 7 பாகை நீளத்துக்குச் சுங்கானே கிடக்கிறது, ஆகவே தூசு இல்லாத இடம் என்று பெரிதாக ஒன்றும் அகப்படாது, அவதானம்.

மொட்டை மாடிப் படங்களைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன், எண்கள் உதாரணத்துக்குத்தான். மணல்காட்டில் வானத்தின் சொந்த வெளிச்சம் 20, பால்வழி 10, தூசு மறைத்த இடத்தில் கசிவது 2 என்று வைப்போம். பால்வழி இடத்தில் கமராவுக்கு வருவது 30, நெபுலா இடத்தில் 22. கொக்குவிலில் வானம் 100 என்றால் 110க்கு 102. இரண்டு இடத்திலும் வித்தியாசம் அதே 8தான். ஆனால் இரைச்சல் மொத்த வெளிச்சத்தின் வர்க்கமூலத்தோடு ஏறுகிறது, அந்த 100ஐக் கணினியில் கழித்தாலும் அது கொண்டுவந்த இரைச்சல் கழியாது. இந்தக் கணக்குப்படி வீட்டில் எடுத்த 58 படமும் சேர்ந்து மணல்காட்டின் 16 படத்துக்குத்தான் சமம். எறிய வேண்டாம், ஆனால் சம உரிமை கொடுக்க வேண்டாம், ஸ்டாக் பண்ணும்போது இரைச்சலைப் பார்த்து எடை போடுகிற தெரிவு இருக்கிறது, அதைப் போடுங்கள்.

அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது, பாருங்கள்: நெபுலா இடத்தில் 2, சுழியம் இல்லை. உங்கள் ஹிஸ்டோகிராமில், எந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் என்று காட்டுகிற அந்த வரைபடத்தில், கறுப்புப் புள்ளியை இழுத்த இடத்தில் 4 வீதப் பிக்சல் வெட்டுப்பட்டு நிற்கிறது, அந்த 4 வீதத்தில்தான் சுங்கானின் உள்விபரம் எல்லாம் இருந்தது. ஒரு பிக்சல்கூட வெட்ட வேண்டாம். தூசின் விளிம்பு மண்ணிறமாக வரும், பயந்து அதை நீக்காதீர்கள், நீலத்தைக் கூடுதலாகச் சிதறடித்துச் சிவப்பைக் கொஞ்சம் விடுகிற தூசு, அதன் நிறமே அதுதான்.

மழைக் கோடு: சென்சருக்கென்று நிலையான ஒரு கறைக்கோலம் உண்டு. துருவ ஒழுங்கு பிழைத்ததால் வானம் ஒவ்வொரு படத்திலும் துளித் துளியாக ஒரே பக்கம் நகர்ந்திருக்கிறது. நட்சத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது அந்தக் கறைக்கோலம் எதிர்ப்பக்கம் நடந்து போகும், அந்த நடைதான் உங்கள் மழை. டார்க் படம், அதாவது லென்ஸை மூடி வைத்து எடுத்த படம், கழித்தால் குறையும், முழுக்கப் போகாது. அடுத்த முறை நாலைந்து படத்துக்கு ஒருக்கால் கமராவை ஒரு பத்துப் பதினைந்து பிக்சல் அங்கும் இங்கும் தட்டி வையுங்கள், கையால் என்றாலும் பரவாயில்லை.

புளியங்கொட்டை பற்றி ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். இரண்டு இரவையும் தனித்தனியாக ஸ்டாக் பண்ணிப் பாருங்கள், அது இரண்டிலும் இருக்கிறதா? பிளாட், அதாவது லென்ஸ், சென்சரின் குறைகளைத் திருத்த எடுக்கிற வெறும் வெள்ளைப் படம், எப்போது எடுத்தீர்கள்?

பனங்கூடல், கொக்குவில்

அண்ணா, இரண்டு தரம் வாசித்தேன், சதுரம் வைப்பதற்கு அர்த்தம் அதுதான் என்று இவ்வளவு நாளும் எனக்கு விளங்கவே இல்லை. கனக்க வைத்தால் நல்லது என்று நினைத்து வைத்துக்கொண்டே போயிருக்கிறேன்.

தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். மாடிப் படத்தில் பொட்டு இல்லை. மணல்காட்டில் மட்டும்தான். பிளாட் முதல் நாள் விடிய எடுத்தது, வெள்ளை ரி-சேர்ட்டை லென்ஸில் சுற்றி மடிக்கணினித் திரையின் முன்னால் வைத்து. மணல்காட்டுக்குப் போகும்போது லென்ஸைக் கழற்றிப் பையில் வைத்து, அங்கே இருட்டில் திரும்பப் பூட்டினேன். இப்போது புதிதாக பிளாட் எடுக்கவும் வழி இல்லை. போன கிழமை மச்சாளின் சாமத்திய வீடு, அதற்குக் கமராவைக் கொண்டுபோய் லென்ஸ் மாற்றி, ஊதித் துடைத்து எல்லாம் செய்தாயிற்று.

மூலநட்சத்திரம்

அப்போ வாழ்த்துகள், மணல்காடு 1 என்று பெயர் வைக்கலாம். அதுவும் தூசு, இதுவும் தூசு, ஒன்று 450 ஒளியாண்டு அளவில் இருக்கிறது, மற்றது சென்சருக்கு முன்னால் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில். வட்டமாகத்தான் விழுந்திருக்கும், வானம் நகர்ந்ததால் உங்கள் ஸ்டாக்கில் இழுபட்டுப் புளியங்கொட்டை ஆகியிருக்கிறது. அந்த நீட்டமும் மழைக் கோடும் ஒரே திசையில்தான் இருக்கும், வைத்துப் பாருங்கள்.

பிளாட் இல்லாவிட்டாலும் வழி உண்டு. அந்த இடத்தில் மட்டும் ஒரு மாஸ்க் போட்டு மாடி ஸ்டாக்கிலிருந்து ஒட்டுங்கள். இரைச்சல் கொஞ்சம் கூடத் தெரியும், ஆனால் அது உண்மையான வானம். குளோன் கருவியால் பக்கத்து நட்சத்திரங்களை எடுத்துப் பூசுவதை விட எனக்கு இது எவ்வளவோ பிடிக்கும்.

ஜாம்போத்தல்

தம்பிமார் கதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மென்பொருள் எனக்கு ஓடாது, ஆனால் கறுப்பைப் பற்றி ஒன்று சொல்லலாம்.

தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லாத காலம். மண்ணெண்ணெய் கிடைப்பதே அருமை, ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டுச் சின்னத் திரி எரித்துத்தான் பிள்ளைகள் படித்ததுகள். அந்த நாட்களில் இரவில் முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தால், மேகம் வருவது எப்படித் தெரியும் சொல்லுங்கள் பார்ப்போம்? நட்சத்திரம் இல்லாத ஒரு கறுப்புத் துண்டு நகர்ந்து வரும், அதுதான் மேகம். என் பேரனுக்கு இதைச் சொன்னால் நம்புகிறான் இல்லை, அவனுக்கு இராத்திரி மேகம் என்றால் வெள்ளை, ஏனென்றால் கீழே இருந்து வீதி விளக்கு அதன் வயிற்றில் அடிக்கிறது.

எட்வர்ட் பார்னார்டுக்கும் இப்படித்தான் ஒன்று நடந்தது. வில்லியம் ஹெர்ஷல் காலத்திலிருந்தே இந்தக் கறுப்பு இடங்களை வானத்தில் விழுந்த ஓட்டை என்றுதான் கனபேர் நினைத்தார்கள், பார்னார்டும் பல வருடம் தயங்கிக்கொண்டுதான் இருந்தார். 1913 கோடையில் நிலவில்லாத ஓர் இரவு, தனுசு ராசியின் நட்சத்திரத் திரளின் மேல் சின்னச் சின்ன மேகத் துண்டுகள் மைத்துளி மாதிரிக் கறுப்பாக மிதந்ததைப் பார்த்தார், தன் படங்களில் இருக்கிற கறுப்பு இடங்களும் அச்சொட்டாக இப்படித்தானே என்று அவருக்கு உறைத்தது. 1919இல் 182 இருள் இடங்களைப் பட்டியலாக வெளியிட்டார். பெரிய வானப்பட நூல் வந்தது 1927இல், அவர் கண்மூடி நாலு வருடத்துக்குப் பிறகு. உங்கள் பார்னார்ட் 78, 72, 59 எல்லாம் அவர் கண்ணாடித் தட்டில் மணிக்கணக்காகத் திறந்து வைத்துப் பிடித்தவைதான்.

அந்த 59, சுங்கானின் வாய் வைக்கிற நுனி, அதைக் கொஞ்சம் கவனமாக வெளியே கொண்டுவாருங்கள் தம்பி. அந்த முழு நீளத்திலும் இப்போது மும்முரமாக நட்சத்திரம் பிறந்துகொண்டிருக்கிற இடம் அதுதான்.

பனிக்காடு, டொரோண்டோ

ஐயா, நானும் அந்தக் கறுப்பு மேகத்தைப் பார்த்த ஆள்தான், பத்து வயதில். முப்பது வருடம் கழித்து இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நான் சொன்ன எஸ் வளைவை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் ஒரு சந்தேகம், நட்சத்திரங்களை ஸ்டார்நெட் மென்பொருளால் பிரித்து வைத்துவிட்டு நெபுலாவை மட்டும் இழுப்பது இதற்கு நல்லதா?

மூலநட்சத்திரம்

நல்லதுதான், அளவோடு. மற்ற இடங்களில் நட்சத்திரத்தை எடுத்தால் மிச்சம் நெபுலா. இங்கே பால்வழியின் வெளிச்சமே பிரித்தறிய முடியாத நட்சத்திரக் கூட்டம், இந்தக் கமராவில் ஒரு பிக்சலுக்கு 6.6 வில்விநாடி, ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் எத்தனையோ இருக்கும். எது நட்சத்திரம், எது பின்னணி என்று மென்பொருள் தடுமாறி, நெபுலாவின் ஓரத்தில் நார் நாராக இல்லாத இழைகளையும் உருவாக்கிவிடும். அதன் மேல் இரைச்சல் நீக்கியும் அடித்தால் படம் பிளாஸ்டிக் விரிப்பு மாதிரி மினுங்கும். நான் செய்வது: பிரிப்பேன், நட்சத்திரமில்லாத படத்தைப் பொதுமை ஹைபர்போலிக் நீட்டலில், மங்கலை வெளிச்சமாக்குகிற ஒரு முறை அது, மெதுவாக இரண்டு மூன்று தடவையாக நீட்டுவேன், சமச்சீர்ப் புள்ளியை, அதாவது நீட்டல் கூடுதலாக விழுகிற இடத்தை, ஹிஸ்டோகிராம் மேட்டின் உச்சிக்குச் சற்று இடப்பக்கம் வைப்பேன், தூசு அந்தச் சரிவில்தான் இருக்கிறது. பிறகு நட்சத்திரங்களை முழுதாகவே திரும்பச் சேர்ப்பேன். இந்த நெபுலாவைக் காட்டுவதே நட்சத்திரங்கள்தான், அவற்றைக் குறைத்து வைத்தால் கறுப்பு எதன் மேல் கறுப்பாகத் தெரியும்?

நிறத்துக்கு, நட்சத்திரங்களின் தெரிந்த நிறத்தோடு ஒப்பிட்டுத் திருத்துகிற போட்டோமெட்ரிக் முறையைப் பாவியுங்கள், ஆனால் "பின்னணி" என்று அது எந்த இடத்தை எடுக்கிறது என்று பாருங்கள். தூசின் மேல் எடுத்தால் அந்த மண்ணிறத்தைச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு பால்வழியை நீலமாக்கிவிடும். அந்தச் சதுரத்தின் கதைதான், வேறு சட்டை போட்டு வருகிறது.

பனங்கூடல், கொக்குவில்

மூன்று நாளாக இதோடுதான் கிடக்கிறேன், இணைத்திருப்பது புதுப்படம். ஒவ்வொரு படத்துக்கும் 1ஆம் படி, எடை போட்டு ஸ்டாக், வெட்டுப்பட்ட பிக்சல் சுழியம். கிண்ணத்தின் உள்ளே இரண்டு மூன்று அடுக்கு கறுப்பு இருப்பது இப்போதுதான் தெரிகிறது, முந்தி எல்லாம் ஒரே தார். 59ஐச் சுற்றி மண்ணிறமாக ஒரு வளையம் மாதிரி வருகிறது. பாம்பு நெபுலா அந்த எஸ் வளைவோடு தனியாக நிற்கிறது. மழை இன்னும் கொஞ்சம் தூறுகிறது, பெரிதாக்கிப் பார்க்காவிட்டால் தெரியாது. புளியங்கொட்டையும் மழையும் ஒரே திசைதான் அண்ணா, அடிமட்டம் வைத்துப் பார்த்தேன்.

ஒரு இடம் மட்டும் உறுத்துகிறது. கீழ் இடது மூலை மஞ்சளாக ஊதிப்போய் இருக்கிறது. அது மிச்சச் சாய்வா? அதில் ஒரு சாம்பிள் வைத்து அமுக்கட்டுமா?

மூலநட்சத்திரம்

வைக்காதீர்கள்! வடக்கு மேலே, கிழக்கு இடப்பக்கம், ஆகவே அந்த மூலை தென்கிழக்கு. பால்வழியின் மையம் அந்தப் பக்கம்தான், வெளிச்சம் அங்கே ஏறத்தான் வேண்டும். சொல்லப்போனால் 1ஆம் படிக் கழிப்பு அதில் கொஞ்சத்தை ஏற்கெனவே தின்றிருக்கும். அகலமான லென்ஸில் யாராவது எடுத்த படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், சந்தேகம் தீரும்.

படம் வடிவாக வந்திருக்கிறது. வீட்டில் இப்போது சொல்லலாம்.

கிழக்குக்கரை, வடமராட்சி

மணல்காட்டுக்குத் திரும்ப வருவதாக இருந்தால் அடுத்த அமாவாசைக்கு வாருங்கள், நானும் வருகிறேன். சவுக்கங்காட்டுக்குத் தெற்கே மணல் மேட்டில் நின்றால் படகு வெளிச்சம் அடிக்காது, துருவ நட்சத்திரமும் மறைவில்லாமல் தெரியும். ஆனால் சோளகம் தொடங்கிவிட்டது, முக்காலி ஆடும், நடுவில் கட்டித் தொங்கவிட ஒரு வெறும் சாக்கு கொண்டுவாருங்கள், நிரப்ப மணல் அங்கே கனக்க இருக்கிறது. லென்ஸை மட்டும் வீட்டிலேயே பூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.